நண்பரின் நிலம், என் கம்பெனியின் குத்தகை

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் குத்தாலம் பக்கம் ஒரு கிராமம். 2011-ல், எரிவாயுக் கிணற்றுக்குள் கம்பியில் கருவிகளை இறக்கும் வயர்லைன் குழு ஒன்றில் வேலை கிடைத்து, பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்ட் கவுண்டிக்கு வந்தேன். 14 நாள் வேலை, 14 நாள் ஓய்வு. வேலை நாளில் 12 மணி நேரம். டவாண்டாவைச் சுற்றி எந்த மோட்டலிலும் அறை கிடைக்காத காலம் அது. ஒரு பால்பண்ணைக்காரர் தன் வீட்டு மாடியறையை அநியாய வாடகை கேட்காமல் கொடுத்தார். பனியில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மகள் பிறந்தபோது ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை; ஆஸ்பத்திரியில் எங்களோடு இருந்தவர்கள் அவரும் அவர் மனைவியும். அந்த அம்மா இப்போது இல்லை. பெரியவருக்கு 78 வயது.

அவர் 2006-லேயே தன் 160 ஏக்கரையும் ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு எரிவாயுக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். நாலு வருடம் கழித்துப் பக்கத்து மேட்டுக்காரர் ஏக்கருக்கு 5,000 வாங்கினார். அதைப் பெரியவர் இன்னும் மறக்கவில்லை. நான் இப்போது அந்தக் குத்தகையை வைத்திருக்கும் கம்பெனியிலேயே, உள்ளூர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் லேண்ட்மேன் (நிலத்துக்காரர்களிடம் பேசிக் குத்தகை எழுதி வாங்கும் கம்பெனி ஆள்) ஒருவர் வந்து, குத்தகையில் ஒரு திருத்தம் வேண்டும் என்று பெரியவரிடம் காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "நீ உள்ளே இருப்பவன், கையெழுத்துப் போடலாமா, சொல்லு" என்கிறார் பெரியவர். அவர் நிலத்தில் என்ன வரப்போகிறது என்ற வரைபடத்தை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். என் மேலாளரோ, "உனக்குத்தான் அவரைத் தெரியுமே, கொஞ்சம் பேசிப் பார்" என்கிறார்.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ். என் மனைவிக்கு அக்கா மாதிரி. அவர் நிலத்துக்கு அடியில் இருக்கும் எரிவாயு அவருக்குச் சொந்தமில்லை. முன்பு விற்றவர் அந்த உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். லாரியும் இரைச்சலும் எனக்கு, காசோலை மட்டும் அவருக்கு என்று பெரியவரோடு பேச்சு நின்றுவிட்டது. இப்போது என் மனைவியிடமும் "உங்க ஆளுங்க" என்று ஆரம்பித்திருக்கிறார்.

இதற்கிடையில் பெரியவர், பண்ணை ஓரத்தில் 2 ஏக்கரை நாங்கள் வீடு கட்டிக்கொள்ள அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? நான் யார் பக்கம் நிற்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பிராட்ஃபோர்ட் கவுண்டி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவரிடம் "போடுங்கள்" என்றும் சொல்லாதீர்கள், "போடாதீர்கள்" என்றும் சொல்லாதீர்கள். வரைபடத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். மேலாளர் சொன்னபடி தூது போகவும் கூடாது. ஆனால் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் போவதையே குறைத்துவிடலாம் என்று நினைக்க ஆரம்பித்திருந்தால், தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். இந்த வாரமே போய் உட்கார்ந்து பேசுங்கள். என்ன பேசுவது என்று கீழே எழுதுகிறேன். குத்தகை வழக்குகளையும் சொத்துத் தகராறுகளில் சமரசப் பேச்சையும் தொழிலாகச் செய்பவள் என்ற முறையில் பொதுவாகத்தான் சொல்ல முடியும். பெரியவரின் பத்திரத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்கு அவருக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

பெரியவரின் 25 டாலரிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மூவருக்கும் நடுவில் இருக்கும் எல்லா மனத்தாங்கலும் அங்கிருந்துதான் வருகிறது.

பிராட்ஃபோர்டில் அந்தக் காலத்தில் 25 டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருவர் இல்லை. மார்செல்லஸ் ஷேல் என்ற களிப்பாறைப் படிவத்தில் இருந்து எரிவாயு எடுத்துக் காட்டிய முதல் கிணறு மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், வாஷிங்டன் கவுண்டியில், 2004-ல் வந்தது. அந்தச் செய்தி கம்பெனிகளுக்குள் சுற்றியதே தவிர, வடக்கே மாடு கறந்துகொண்டிருந்தவர்களுக்கு எட்டவில்லை. 2008 ஜனவரியில்தான் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெர்ரி எங்கெல்டரும் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி லாஷும் அந்தப் பாறையில் 500 டிரில்லியன் கன அடிக்கு மேல் எரிவாயு இருக்கலாம் என்ற கணக்கை வெளியே சொன்னார்கள். அந்தக் கோடையில் எரிவாயு விலையும் பத்து லட்சம் பிடியூவுக்கு (எரிவாயுவை விற்கும் வெப்ப அளவு) 13 டாலரைத் தொட்டது. அதற்குப் பிறகு குத்தகை முன்பணம் ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். 160 ஏக்கருக்குப் பெரியவர் வாங்கியது 4,000 டாலர். பக்கத்து மேட்டுக்காரரின் விலையில் கணக்குப் போட்டால் 8,00,000 டாலர். நிலம் ஒன்றுதான், பாறை ஒன்றுதான். நாலு வருட இடைவெளியும், யாருக்கு எந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது என்பதும்தான் வேறு.

அதனால் பெரியவர் ஏமாளி என்றோ பக்கத்து மேட்டுக்காரர் கெட்டிக்காரர் என்றோ நீங்கள் ஒருநாளும் பேச்சுக்குக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரியவரே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டாலும் மறுத்துச் சொல்லுங்கள். பால் விலை ஒரு வருடம் போல ஒரு வருடம் இல்லாத தொழில் அது. 2009 தொடக்கத்தில், சீஸ் தயாரிப்புக்குப் போகும் பாலுக்குக் கூட்டரசு நிர்ணயித்த விலை 100 பவுண்டுக்கு 10 டாலருக்கும் கீழே இறங்கியது. சொத்து வரி கட்ட வேண்டிய மாதத்தில் 4,000 டாலர் காசோலையோடு வருகிறவரை யார் திருப்பி அனுப்புவார்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2006-ல் அவரிடம் கையெழுத்து வாங்கியவர் மிரட்டி வாங்கியிருக்க மாட்டார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, மாடுகளைப் பற்றி விசாரித்து, நல்ல மனிதராகப் பேசித்தான் வாங்கியிருப்பார். லேண்ட்மேன் வேலையின் இலக்கணமே அதுதான். அவர்களில் உண்மையாகவே நல்லவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் பெரியவருக்கு அந்த இழப்பு வந்தது ஒரு நட்பான முகத்தின் வழியாக. இப்போது மேலாளர் உங்களிடம் கேட்பதும் அதே நட்பான முகத்தைத்தான், அதுவும் 2006-ல் வந்தவரைவிடப் பல மடங்கு நெருக்கமான ஒரு முகத்தை. உங்களுக்கு உள்ளுக்குள் கசக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் போலத்தான் எனக்குப் படுகிறது, வார்த்தையில் இல்லாவிட்டாலும். அந்தக் கசப்பு சரியானது. அதை நம்புங்கள்.

சரி, அவரிடம் என்ன சொல்வது? என் யோசனை ஏறக்குறைய இப்படி: "நான் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறேன். உங்கள் குத்தகை பற்றி நான் உங்களுக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது, கம்பெனிக்காக உங்களிடமும் பேசக்கூடாது. அதனால் நான் எதுவும் சொல்லாமல் இருப்பதை 'சரி' என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், 'வேண்டாம்' என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எரிவாயுக் குத்தகை தெரிந்த ஒரு வக்கீலைப் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாமல் இருங்கள். இது உங்கள் காகிதத்தைப் பார்த்துச் சொல்வது இல்லை, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சொல்வேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். அது எந்த ரகசியத்தையும் கசியவிடவில்லை. என் அப்பாவாக இருந்தாலும், கம்பெனி எதுவாக இருந்தாலும், நான் சொல்வதும் அதுதான். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய். அந்த மண்ணில் பொக்லைன் வந்து நிற்கும் நாளில், நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள் என்பது அவருக்குப் புரிந்துவிடும். சொல்ல முடியாத நிலையில் இருந்தான் என்பதை அவர் மன்னிப்பார். தெரியாது என்று சொன்னான் என்பதை மன்னிப்பது கஷ்டம்.

நீங்கள் அவருக்குத் தாராளமாகச் சொல்லக்கூடியவையும் நிறைய இருக்கின்றன. அலுவலகத்தில் அறிந்ததற்கும் ஊரறிந்ததற்கும் நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஊரறிந்த பக்கத்தில் இருக்கும் எதையும் ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்கு விளக்கலாம்.

உதாரணமாக, அவருடைய பழைய குத்தகை, அவர் நிலத்தை உள்ளடக்கிய கிணற்றில் எரிவாயு வந்துகொண்டிருக்கும் வரை உயிரோடு இருக்கும். திருத்தத்துக்கு ஒப்பாவிட்டால் அது செத்துவிடாது. மாதக் காசோலையும் அதனால் நிற்காது. "இந்த வெள்ளிக்கிழமைக்குள் போட்டால்தான்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த வெள்ளிக்கிழமை லேண்ட்மேனுடைய வெள்ளிக்கிழமை. திருத்தம் வேண்டும் என்று கம்பெனி வந்து கேட்கும் நேரம்தான், 2006-ல் கோட்டைவிட்டதில் ஏதாவது ஒரு பகுதியைப் பெரியவர் திரும்பக் கேட்கக்கூடிய நேரம். இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது. அதனால்தான் வக்கீலுக்குக் கொடுக்கும் சில நூறு டாலரைச் செலவாக நினைக்க வேண்டாம் என்கிறேன். வக்கீலைக் கம்பெனி சிபாரிசு செய்யக்கூடாது, நீங்களும் சிபாரிசு செய்யக்கூடாது. கவுண்டி வக்கீல் சங்கத்தில் கேட்டால் பெயர்கள் தருவார்கள். பெரியவரின் பிள்ளைகளில் ஒருவர் கூடப் போவது நல்லது.

வக்கீல் எதையெல்லாம் பார்ப்பார் என்று பெரியவருக்கு ஓரளவு புரிந்தால் பயம் குறையும். ராயல்டி, அதாவது எரிவாயு விற்ற பணத்தில் நிலத்துக்காரருக்கு வரும் பங்கு, அந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுக் காட்டலாம், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பென்சில்வேனியாவில் 1979-ம் வருடச் சட்டப்படி நிலத்துக்காரருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி கொடுத்தே ஆகவேண்டும். அவருடைய 160 ஏக்கர், 640 ஏக்கர் கொண்ட ஒரு யூனிட்டில் (கிணறுகளுக்காகப் பலருடைய நிலத்தை ஒன்றாகச் சேர்த்த பரப்பு) சேர்க்கப்பட்டிருந்தால், அது யூனிட்டில் கால் பங்கு. கால் பங்கில் எட்டில் ஒன்று 0.03125. காசோலையோடு வரும் ரசீதில் இந்த மாதிரி ஒரு தசம எண் இருக்கும். அந்த மாதம் கிணற்றிலிருந்து 10,00,000 டாலருக்கு எரிவாயு விற்றிருந்தால் அவர் பங்கு 31,250. அதே யூனிட்டை ஒரு திருத்தத்தின் மூலம் 1,280 ஏக்கராக்கினால் அவருடைய எண் 0.015625, அதாவது பாதி. ஆனால் பெரிய யூனிட்டில் கிணறுகளும் கூடலாம், கிடைமட்டமாக நீளமாகவும் போகலாம். அதனால் பாதியானது நஷ்டமா லாபமா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேதான் வக்கீல் தேவைப்படுகிறார். அவருக்கு நீட்டப்பட்ட காகிதம் இதைத்தான் கேட்கிறது என்று நான் சொல்லவில்லை. திருத்தங்கள் வழக்கமாக எதைத் தொடும் என்பதற்காகச் சொன்னேன்.

பெரியவர் மாதாமாதம் எரிச்சல்படும் இன்னொன்று ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையாகத்தான் இருக்க வேண்டும். எரிவாயுவைச் சேகரித்து, அழுத்தி, குழாயில் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவில் ஒரு பங்கை ராயல்டியில் பிடித்துக்கொள்வது. எட்டில் ஒரு பங்கு என்று சட்டம் சொன்ன பிறகு அதில் எப்படிக் கைவைக்கலாம் என்று நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் கில்மர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், குத்தகையில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால் அந்தச் செலவைக் கழிக்கலாம் என்றது. 2006-ம் வருடக் குத்தகைகளில் வேறு மாதிரி எழுதச் சொல்லிக் கேட்கும் அளவுக்குப் பலருக்கும் விவரம் தெரிந்திருக்கவில்லை. திருத்தத்துக்கு ஈடாகப் பெரியவர் எதையாவது கேட்பதாக இருந்தால், இந்தக் கழிவைக் கட்டுப்படுத்தும் ஒரு வரி முன்பணத்தைவிடப் பெரிய பலன் தரலாம். 2013-ல் வந்த சட்டம் ரசீதில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. கிணறுவாரியாக எவ்வளவு எரிவாயு எடுக்கப்பட்டது என்பதை மாநிலச் சுற்றுச்சூழல் துறை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பனியில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவருக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி அது. ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் அலுவலக மடிக்கணினியில், அலுவலகக் கடவுச்சொல்லில் எதையும் திறக்காதீர்கள்.

அடுத்து உங்கள் அலுவலகம். பெரியவரிடம் போவதற்கு முன்னாலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மேலாளருக்கும், நிறுவனத்தில் நெறிமுறை விஷயங்களைப் பார்ப்பவர் யாரோ அவருக்கும் சேர்த்து. குத்தகைக்கு விட்டிருக்கும் இன்ன நிலத்துக்காரர் என் குடும்ப நண்பர், அவர் வீட்டில் வாடகைக்கு இருந்திருக்கிறேன், அந்த நிலம் தொடர்பான கோப்புகளில் இருந்தும் பேச்சுவார்த்தையில் இருந்தும் என்னை விலக்கி வையுங்கள் என்று நாலு வரி போதும். அவர் நிலம் விற்க முன்வந்திருப்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இது உங்களையும் காக்கும், பெரியவரையும் காக்கும். பின்னாளில் திருத்தம் குறித்துத் தகராறு வந்தால், உள்ளே இருந்த நண்பன் சொல்லித்தான் இவர் பேரம் பேசினார் என்று ஒரு தரப்பும், நண்பனை விட்டு மயக்கிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று இன்னொரு தரப்பும் சொல்ல இடமிருக்காது.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றி. உண்மையில் உங்கள் கடிதத்தில் என் மனது அதிக நேரம் நின்றது அங்கேதான். குத்தகைக் காலத்துக் கதைகளில் 25 டாலர்காரரைப் பற்றியும் 5,000 டாலர்காரரைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள். ஒன்றுமே கிடைக்காதவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? வாடகை ஏறியதால் வீட்டைக் காலி செய்தவர்கள், சொந்த வீடிருந்தும் அடியில் இருப்பது தன்னுடையதில்லை என்று பத்திரத்தில் கண்டுபிடித்தவர்கள், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் அதே பாறையின் மேல் உட்கார்ந்துகொண்டு 2014 டிசம்பர் தடை அறிவிப்புக்குப் பிறகு ஒரு காசும் பார்க்காதவர்கள். டவாண்டாவிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டினால் அந்த எல்லை. அங்கே அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று இருக்கும் குடும்பங்களில் நன்றி நவிலல் விருந்தில்கூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

உங்களுக்கு இது முதலில் வினோதமாக இருந்திருக்கும். குத்தாலத்தில் ஓஎன்ஜிசி கிணறு வைத்தால் நிலத்துக்காரருக்கு மேல் நிலத்துக்கான வாடகையோ இழப்பீடோ கிடைக்கும், அவ்வளவுதான். அடியில் இருப்பதற்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகும். அங்கே ஊர் மொத்தமும் ஒரு பக்கம், கிணறு மறுபக்கம் என்று நிற்பது எளிது. 2017-ல் கதிராமங்கலத்தில் அப்படித்தான் நின்றார்கள். பென்சில்வேனியாவில் அடியில் இருப்பதும் தனியார் சொத்து. மேல் நிலத்தை விற்றுவிட்டு அடியில் இருப்பதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதனால் ஊர் கம்பெனிக்கு எதிரே நிற்பதற்கு முன்னால், ஒருவருக்கொருவர் எதிரே நின்றுவிடுகிறது. எதிர்வீட்டு அக்காவின் கோபம் பெரியவர் மேல் போவது அதனால்தான். சண்டை போட அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு யாரும் இல்லை.

அவரிடம் கம்பெனிக்காக வாதாடாதீர்கள். வேலைவாய்ப்பு வந்தது, பாலங்கள் கட்டினார்கள், 2012 சட்டப்படி கிணறுகளுக்காகக் கம்பெனிகளிடம் வசூலாகும் தாக்கக் கட்டணம் ஊராட்சிக்கு வருகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஜன்னல் அதிரும்போது அந்தப் பட்டியல் யாருக்கும் ஆறுதலாக இருக்காது, அதுவும் மறுநாள் காலை டூட்டிக்குப் போகிற ஒரு நர்ஸுக்கு. "உங்க ஆளுங்க" என்று அவர் சொல்லும்போது, "ஆமாம், நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இரைச்சலில் நீங்கள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

அதோடு, அவருக்கு உண்மையிலேயே பயன்படும் இரண்டு விஷயங்களை உங்கள் மனைவி மூலமாகவே சொல்லலாம். இரண்டும் ஊரறிந்த சட்டம். முதலாவது தண்ணீர். அக்கா வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், புதிதாக எதுவும் தோண்டப்படுவதற்கு முன், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தன் செலவில் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரமாக வைக்கட்டும். மீத்தேனையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஷேல் எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர் ஆதாரம் 12 மாதத்துக்குள் கெட்டால், கம்பெனியே காரணம் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. அப்படி நிரூபிக்கக் கம்பெனிகள் முன்கூட்டியே எடுத்து வைக்கும் பரிசோதனை அறிக்கையைத்தான் காட்டும். அவரிடமும் ஒன்று இருக்கட்டும். சஸ்குஹென்னா கவுண்டியில் டிமக் ஊரில் 2009 புத்தாண்டு நாளில் ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணறு வெடித்ததையும், அதற்குப் பின் ஒரே சாலையில் இருந்தவர்கள் தண்ணீர் நல்லது என்றும் கெட்டது என்றும் பலகை வைத்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்ததையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோண்டுவதற்கு முன்னால் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காகிதம் இல்லாததும் அந்தப் பிரிவினையை முற்ற வைத்தது.

இரண்டாவது, அவருடைய பத்திரம். எரிவாயு உரிமை தனக்கு இல்லை என்பதை அவர் யாரோ சொல்லிக் கேட்டாரா, அல்லது பத்திரத்தில் படித்தாரா? பழைய பத்திரங்களில் "கனிமங்கள்" மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். பென்சில்வேனியாவில் 1882 முதல் இருந்துவரும் டன்ஹாம் தீர்ப்பின்படி, பத்திரத்தில் வெறும் கனிமம் என்று எழுதியிருந்தால் எண்ணெயும் எரிவாயுவும் அதில் அடங்குவதாகப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. 2013-ல் பட்லர் வழக்கில் ஷேல் எரிவாயுவுக்கும் அது பொருந்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒதுக்கீட்டு வாசகம் என்ன என்பதை ஒருமுறை பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. நம்பிக்கை ஊட்டாமல், பார்க்க மட்டும் சொல்லுங்கள்.

பெரியவரையும் அக்காவையும் சேர்த்து வைக்கும் பொறுப்பை மட்டும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு விருந்துக்கு இரண்டு பேரையும் எப்போதும் போலக் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். பெரியவர் தன் ராயல்டியில் இருந்து சாலைப்பக்கம் மரம் நட்டுத் தரலாம், கம்பெனியிடம் திருத்தம் பேசும்போது இரவு லாரி நேரத்துக்கு ஒரு கட்டுப்பாட்டைக் கேட்கலாம். இதெல்லாம் அவருக்கே தோன்ற வேண்டும், அல்லது அவர் வக்கீல் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அது மறுபடியும் பேரத்துக்குள் நீங்கள் நுழைவது.

இப்போது அந்த 2 ஏக்கர். இப்போது வாங்காதீர்கள். திருத்தப் பேச்சு நடக்கும்போது, கம்பெனி ஊழியர் ஒருவர் அதே நிலத்துக்காரரிடம் சந்தை விலைக்கும் கீழே மனை வாங்கினார் என்றால் வெளியில் அது எப்படித் தெரியும் என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேலை போகும். பெரியவரின் பிள்ளைகளுக்கு, வயதான அப்பாவை மயக்கிவிட்டான் என்று தோன்றும். 78 வயதில் மனைவியை இழந்து தனியாக இருப்பவர் குறைந்த விலைக்கு எழுதிக்கொடுக்கும் எந்தப் பத்திரத்தையும் நீதிமன்றமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அவர் அன்பில் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் வேண்டாம் என்று வெட்டிச் சொல்லாமல், "உங்கள் பக்கத்தில் வீடு கட்டத்தான் எங்களுக்கும் ஆசை. இந்தக் காகித விவகாரம் முழுவதும் முடியட்டும். அப்புறம் உங்கள் பிள்ளைகள் முன்னால் பேசுவோம்" என்று சொல்லுங்கள். அந்த நாள் வந்தால் சுயேச்சையான மதிப்பீட்டாளர் சொல்லும் விலையைக் கொடுங்கள், இரண்டு தரப்புக்கும் தனித்தனி வக்கீல் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியட்டும். எரிவாயு உரிமை அந்த 2 ஏக்கரோடு வருகிறதா, பெரியவர் குடும்பத்திடமே இருக்கிறதா என்பதைப் பத்திரத்தில் "எண்ணெய், எரிவாயு" என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவர்களிடமே இருக்கட்டும் என்று நீங்களே முன்வந்து சொன்னால் பிள்ளைகளின் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அவர் பக்கத்தில் ஒரு வீடுதானே.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். 2012 ஏப்ரலில் எரிவாயு விலை 2 டாலருக்கும் கீழே போனபோது கிணறு தோண்டும் ரிக்குகள் ஒஹாயோவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் போயின. டெக்சாஸ், ஒக்லஹோமா நம்பர் பிளேட்டுகள் சாலையிலிருந்து குறைந்தன. அதற்கு முந்தைய வருடம் ஒன்றாக மான் வேட்டைக்குப் போனவர்கள், ஞாயிறு ஞாயிறு ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தவர்கள், அதோடு தொடர்பே இல்லாமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலை இருக்கும் இடத்துக்குத்தானே போக முடியும். நீங்கள் போகவில்லை. அந்த வீட்டு மாடியில் தங்க ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் கம்பெனி ஊழியராகவும் அவருக்கு நண்பராகவும் இருக்கலாம். அவருடைய குத்தகை என்ற ஒரே விஷயத்தில் மட்டும் இரண்டுமாக இருக்க முடியாது. அந்த ஒன்றிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும், டாக்டரிடம் கூட்டிப்போவது, கூரைப் பனியைத் தள்ளுவது, மகளை அவர் மடியில் உட்கார வைப்பது, இதற்கெல்லாம் யாரும் தடை போடவில்லை.

மேலாளர் மறுபடி கேட்டால் உங்கள் பதில் ஒரே வரியாக இருக்கட்டும்: "மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன், அந்தக் குடும்பம் எனக்கு வேண்டியவர்கள், நான் பேச முடியாது." கோபமாகச் சொல்ல வேண்டாம், காரணத்தை விரிக்கவும் வேண்டாம். பொதுவாக எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவும் இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கும். முறையில்லாமல் வாங்கிய கையெழுத்து அவர்களுக்கும் தலைவலி. அதையும் மீறி, போய்ப் பேசாவிட்டால் பதவி உயர்வு கிடையாது என்கிற மாதிரி ஏதாவது வந்தால், என்ன தேதியில் யார் என்ன வார்த்தையில் சொன்னார் என்று அன்றே குறித்து வையுங்கள். பிறகு உங்கள் பணி ஒப்பந்தத்தோடு ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்கள். விசா நிலை என்ன என்பதை இந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. வேலையைச் சார்ந்த விசா என்றால் அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.